இடி இடிக்கிற ராத்திரியில் எப்படித்தான் தூங்குகிறீர்கள்?

தூக்கம்தேடி:
எல்லாருக்கும் வணக்கம். மழைச் சத்தம் எனக்குப் பிரச்சினையே இல்லை, சொல்லப்போனால் அது பிடிக்கும். இடிதான் பிரச்சினை. முதல் இடி கேட்டவுடன் படக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதற்கப்புறம் மின்னலைப் பார்த்துவிட்டு அடுத்த இடி எப்போது வரும் என்று காத்துக்கொண்டே கிடக்கிறேன். மேகம் தள்ளிப்போய் வெறும் உறுமல் மட்டும் கேட்கும்போதும் கண் மூட மாட்டேன் என்கிறது. என் கணவர் பக்கத்திலேயே அசையாமல் தூங்குகிறார், சின்னப் பெண்ணும் அப்படித்தான். காலையில் எழுந்து "ராத்திரி மழையா?" என்று கேட்கிறார்கள்! இது காது சம்பந்தப்பட்டதா, மனசு சம்பந்தப்பட்டதா? காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கலாமா, அப்படித் தூங்கினால் நிஜமாகவே ஏதாவது ஆபத்து வரும்போது தெரியாமல் போய்விடுமா? தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம். மற்றபடி நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:
செவிலியாக ராத்திரி வேலை பார்க்கிறவள் என்பதால் தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. தூங்கும்போதும் காது திறந்தேதான் இருக்கிறது, வருகிற சத்தத்தில் எதை மேலே அனுப்புவது எதைத் தடுப்பது என்று மூளைதான் முடிவு செய்கிறது. தூக்கத்தின்போது மூளையில் நொடிக்கு 11 முதல் 15 அதிர்வுகள் கொண்ட சிறு அலைத் தொகுப்புகள் விட்டுவிட்டு எழும், தலாமஸ் என்ற பகுதியில் உருவாகிறவை. இவை அதிகமாக எழுகிறவர்கள் சத்தத்தில் கலையாமல் தூங்குகிறார்கள் என்று 2010இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. ஆளுக்கு ஆள் இது வேறுபடும், உங்கள் கணவர் அந்த வகையில் கொடுத்துவைத்தவர் போல.

குழந்தைகள் கதை வேறு. அவர்களுடைய ஆழ்ந்த தூக்கம் அவ்வளவு கெட்டி, புகை எச்சரிக்கை மணி அலறினாலும் பல குழந்தைகள் எழுவதில்லை. அதனால் ஆபத்து என்று வந்தால் அவள் தானாக எழுந்துகொள்வாள் என்று மட்டும் நம்ப வேண்டாம், நீங்கள்தான் போய் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று, ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முதல் பகுதியில்தான் வருகிறது. படுத்து ஒரு மணி நேரத்தில் இடித்தால் தெரியாமலே போகலாம், அதே இடி விடியற்காலையில் கேட்டால் தூக்கிப்போடும். வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதால் பெரியவர்களுக்குச் சீக்கிரம் கலையும்.

மேகம்பார்ப்பவன்:
இடி என்றால் என்ன என்று தெரிந்தாலே பாதி பயம் போகும் என்று நினைக்கிறேன். மின்னல் ஓடும் பாதையில் காற்று ஒரு கணத்தில் ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி வெடித்து விரிகிறது, அந்த அதிர்ச்சிதான் இடி. மின்னல் பல கிலோமீட்டர் நீளம், அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சத்தம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால்தான் உருளுகிற மாதிரி நீண்டு கேட்கிறது. பக்கத்தில் என்றால் 'படார்', தூரத்தில் என்றால் உறுமல். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 நொடி என்றால் 1 கிலோமீட்டர் தூரம், 15 நொடி என்றால் 5 கிலோமீட்டர். அந்த இடைவெளி கூடிக்கொண்டே போனால் மேகம் விலகுகிறது.

வெளியே இருப்பவர்களுக்கு இடி கேட்கிற தூரமே ஆபத்தான தூரம்தான், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது என்பது விதி. ஆனால் மின் இணைப்பும் குழாயும் உள்ள உறுதியான கட்டடத்துக்குள் படுத்திருக்கிற நீங்கள் பத்திரமாகவே இருக்கிறீர்கள். இடி வரும் போல இருந்தால் தூங்கப்போகும் முன்பே டிவி, கணினி பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். இடிக்கத் தொடங்கிய பிறகு எழுந்துபோய்ப் பிளக்கைத் தொடுவது, குளிப்பது, பாத்திரம் கழுவுவது, ஜன்னல் ஓரம் நிற்பது எல்லாம் வேண்டாம். செல்போன் பக்கத்தில் இருக்கலாம், சார்ஜர் வயரோடு மட்டும் வேண்டாம். இவ்வளவையும் செய்துவிட்டுப் படுத்தால் விழித்திருந்து காக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

நிசப்தம்:
மேலே சொன்ன நொடிக் கணக்கு சரிதான், ஆனால் தூங்க வேண்டியவருக்கு அது நேர் எதிரி என்பேன். படுக்கையில் எண்ணிக்கொண்டிருந்தால் மூளை காவலுக்கு நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் பதிவிலேயே விஷயம் இருக்கிறது பாருங்கள், மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்குக் காத்திருக்கிறேன் என்கிறீர்கள். அந்த வெளிச்சத்தை முதலில் மறையுங்கள். கனமான திரை, இல்லையென்றால் கண்ணை மூடும் துணிப்பட்டை. வெளிச்சம் தெரியாவிட்டால் காத்திருப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்து, ஆளை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டும் இல்லை, அமைதியிலிருந்து அது எவ்வளவு திடீரென்று எகிறுகிறது என்பதும்தான். அதனால் மின்விசிறி இரைச்சல், செல்போனில் ஓடவிட்ட மழைச் சத்தம் என்று ஏதாவது ஒன்று ராத்திரி முழுக்க ஒரே சீராக ஓடட்டும். இடி கேட்ட பிறகு போடாதீர்கள், படுக்கும்போதே போடுங்கள். கரண்ட் போனால் விசிறி நின்று, அந்தத் திடீர் அமைதியிலேயே முழித்துவிடுவீர்கள் என்பதால் முழு சார்ஜ் உள்ள செல்போன் நல்லது.

பஞ்சு வேண்டாம், அது சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. நுரையில் செய்த காதடைப்பான் வாங்குங்கள். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் பாதியில் விட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கூர்மையான 'படார்' நன்றாகக் குறையும், ஆழமான உறுமல் கொஞ்சம் வரத்தான் செய்யும், எலும்பு வழியாகவும் தரை வழியாகவும்.

தூக்கம்தேடி:
எல்லாருக்கும் நன்றி, மின்னல் வெளிச்சம்தான் தொடக்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். காதடைப்பான் போட்டால் மகள் அழைப்பது கேட்குமா? எழுந்துவிட்டால் அப்புறம் எப்படித் திரும்பத் தூங்குவது?

இரவுப்பணி:
சத்தம் முழுசாக அடைபடாது, குறையும், அவ்வளவுதான். பக்கத்து அறையிலிருந்து மெல்லக் கூப்பிட்டால் கேட்காமல் போகலாம், அதனால் இடி ராத்திரிகளில் அவளை உங்கள் அறையிலேயே படுக்கவையுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கிற காதில் மட்டும் அடையுங்கள். மூளைக்கு முக்கியமான சத்தம் எது என்று தெரியும், தூங்குகிறவருக்குத் தன் பெயரும் தன் குழந்தையின் அழுகையும் மற்ற சத்தங்களைவிடச் சீக்கிரம் எட்டும்.

எழுந்துவிட்டால் மணி பார்க்காதீர்கள், செல்போன் திரையையும் பார்க்காதீர்கள். மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி விடுங்கள், நெஞ்சுப் படபடப்பு இறங்கும். 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து, ஜன்னலை விட்டுத் தள்ளி, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து சலிப்பான எதையாவது படியுங்கள். கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடக்கூடாது, அதுதான் முக்கியம்.

மேகம் கறுத்தாலே கை நடுங்குகிறது, வானிலைச் செய்தி பார்த்தே அன்றைய நாள் கெடுகிறது என்ற அளவுக்கு இருந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். பகலில், பதிவுசெய்த இடிச் சத்தத்தை மிக மெல்லிய ஒலியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறது, இந்த மாதிரிப் பயங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.