ஆற்றங்கரை வளைவில் தடுப்பு: கல் நடலாமா, இரும்புத் தகடு போடலாமா?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுக் கரைமேல் போகிற ஊர்ச்சாலை. அகலம் 3.75 மீட்டர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். வளைவு திரும்பியதும் பழைய பாலம், அதன் கைப்பிடிச் சுவர் தாரை ஒட்டியே ஆரம்பிக்கிறது. ஆற்றோரம் நட்ட கற்களில் பாதி சாய்ந்துவிட்டன, மீதி தூர்வாரிக் கொட்டிய மண்ணில் புதைந்துகிடக்கின்றன. கிராம சபையில் தீர்மானம் போடப்போகிறோம். திரும்பவும் கல்லே கேட்கலாமா, இரும்புத் தடுப்பு கேட்கலாமா? படித்துறைப் பாதைக்குள் கார் நுழையாமல் இருக்கக் குட்டைத் தூண் நடவும் யோசனை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைமட்டம்:
தம்பி, கல் வண்டியைத் தாங்காது. கரை எங்கே முடிகிறது என்று காட்டத்தான் அது. கார் மோதினால் கல்லும் பெயர்ந்து காரோடு ஆற்றில் விழும். பைக் மோதினால் கல் அசையாது, அடி முழுக்க ஓட்டுபவருக்குத்தான்.

தாங்க வேண்டுமென்றால் டபிள்யூ பீம், அதாவது W மாதிரி மடித்த நீளமான இரும்புத் தகட்டைத் தூண்களில் பூட்டிய தடுப்பு. வழக்கமான அளவு: 3 மி.மீ. தகடு, 150×75×5 மி.மீ. சேனல் ('ப' வடிவ இரும்பு) தூண், தூணின் நீளம் 1.8 மீட்டர். அதில் 1.1 மீட்டர் மண்ணுக்குள், 70 செ.மீ. வெளியே. தூணுக்குத் தூண் 2 மீட்டர். எல்லாம் ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, அதாவது துருப்பிடிக்காமல் இருக்க உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது.

நம் பக்கம் தப்பு நடப்பது மண்ணில்தான். கோடையில் வெடிக்கிற களிமண்ணில் குழி தோண்டி, தூணை இறக்கி, தளர்வாக மண் தள்ளிவிட்டுப் போனால் இரண்டு மழையில் ஆடும். தூணுக்குப் பின்னால் இரண்டடியாவது கெட்டி மண் வேண்டும். கரை அரித்திருந்தால் முதலில் கரையைக் கட்டுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் நீளமான தூண், 1 மீட்டர் இடைவெளி என்று கேளுங்கள்.

அடுத்தது முனை. அறுத்துவிட்ட தகட்டு முனை வருகிற வண்டியைப் பார்த்து நின்றால் ஈட்டி மாதிரி காருக்குள் ஏறிவிடும். வளைவுக்கு முன்பே, கரை அகலமாக இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, சாலையை விட்டு விலக்கி மேட்டுக்குள் புதைக்க வேண்டும். பாலத்தின் பக்கம் தடுப்பைச் சுவருக்கு முன்னாலேயே நிறுத்திவிடக் கூடாது. அப்படி விட்டால் தகட்டில் உரசி வரும் வண்டி நேராகச் சுவர் முனையில் போய் மோதும். கடைசிச் சில தூண்களை நெருக்கி நட்டு, தகட்டைச் சுவரோடு போல்ட் போட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

இரவுப்பார்வை:
தகட்டுக்குப் பணம் வரும்வரை காத்திருக்காமல் சுவர் முனைக்கு இப்போதே மஞ்சள்-கருப்புப் பட்டைப் பலகை வையுங்கள். சாதா பெயிண்ட் ராத்திரியில் ஒளிராது, ரிஃப்ளெக்டிவ் ஷீட்தான் வேண்டும். பட்டை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமாகப் போ என்று அர்த்தம். இடதுபக்கச் சுவருக்கு மேல் இடமிருந்து கீழ் வலமாக, வலதுபக்கத்துக்கு நேர் எதிராக. பல ஊர்களில் இரண்டுக்கும் ஒரே மாதிரி அடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் தீர்மானத்தில் சேருங்கள். சாலையில் நெல் காயவைக்கும்போது சுற்றி வைக்கிற கற்கள், நெல்லை அள்ளிய பிறகும் அங்கேயே கிடக்கின்றன. இருட்டில் பைக்குக்கு அதைவிட மோசமான தடுப்பு கிடையாது. களத்துக்கு வேறு இடம் காட்டாமல் விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

படித்துறை:
தூண் விஷயம். இடைவெளி 1.2 மீட்டர் விடுங்கள். கார் நுழையாது, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பைக்கும் போகும்தான். அதைத் தடுக்க நெருக்கினால் நாற்காலிக்காரர் வெளியே நிற்க வேண்டிவரும், அதனால் நெருக்காதீர்கள். உயரம் 1 மீட்டர். முழங்கால் உயரத் தூண் ரிவர்ஸ் எடுப்பவர் கண்ணில் படாது, கூட்டத்தில் நடப்பவரும் இடித்துக்கொள்வார். தூண்களுக்கு நடுவே சங்கிலி வேண்டவே வேண்டாம். பார்வையற்றவரின் கோல் அதற்கடியில் புகுந்துவிடும், ஆள் தடுக்கி விழுவார்.

ஆடிப்பெருக்குக்கும் தீர்த்தவாரிக்கும் சாமி இறங்குமே, ஆம்புலன்ஸும் போகவேண்டும். எனவே நடுத்தூண் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். அதைச் செருகி நிறுத்தத் தரைக்குள் புதைக்கும் குழாயின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும். இல்லாவிட்டால் சேறு அடைத்துத் தூண் திரும்ப இறங்காது. கழற்றியதும் குழியை மூடத் தரைமட்டத்தில் மூடி அவசியம்.

வெண்ணாற்றங்கரை:
நன்றிண்ணே எல்லாருக்கும். யாரிடம் மனு கொடுப்பது?

கரைமட்டம்:
சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத்துறையுடையதா என்று முதலில் பாருங்கள். கரை நீர்வளத்துறையுடையது, அங்கே தூண் இறக்க அவர்கள் அனுமதியும் வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வார இயந்திரம் வரும். அது எந்த வழியாக இறங்கும், மண்ணை எங்கே கொட்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். தகட்டின் அடியில் ஓரடி மண் ஏறினாலே 70 செ.மீ. தடுப்பு 40 ஆகிவிடும், வண்டி அதன்மேல் ஏறித் தாண்டிவிடும். தார் ஓரத்திலிருந்து கரைச்சரிவு வரை பத்தடிக்கு ஒருமுறை டேப் பிடித்து அளந்து, அந்தப் பட்டியலையும் மனுவோடு வையுங்கள்.