தள்ளுபடி விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. வாங்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு துணிக்கடையில் 30% தள்ளுபடியில் சட்டை ஒன்று எடுத்தேன். அட்டையில் எம்.ஆர்.பி. ரூ.1,500 என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்றும் அச்சாகியிருந்தது. தள்ளுபடி போக ரூ.1,050 தானே வர வேண்டும்? பில்லில் சி.ஜி.எஸ்.டி. ரூ.26.25, எஸ்.ஜி.எஸ்.டி. ரூ.26.25 என்று கூட்டி ரூ.1,102.50 வாங்கிவிட்டார்கள். கேட்டதற்கு, "சலுகை விலைக்கு வரி தனி, போர்டிலேயே போட்டிருக்கிறோம்" என்றார்கள். எம்.ஆர்.பி.யைத் தாண்டாததால் இது சரிதானா?

பதில் 1

சரியல்ல, ஐயா. எம்.ஆர்.பி.க்குள் வரி ஏற்கெனவே அடங்கிவிட்டதால், அதில் தள்ளுபடி கொடுத்த பிறகு மிஞ்சும் ரூ.1,050-க்குள்ளும் வரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரையிலான ஆயத்த ஆடைக்கு வரி 5% என்பதால், 1,050-ஐ 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் துணியின் விலை ரூ.1,000, மீதி ரூ.50 தான் வரி, மத்திய அரசுக்கு 25, மாநில அரசுக்கு 25. பில்லில் வரியைப் பிரித்துக் காட்டுவதில் தவறே இல்லை, கூட்டுத்தொகை ரூ.1,050-ஐத் தாண்டியதுதான் தவறு.

இது ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வாட் (மதிப்புக்கூட்டு வரி) காலத்திலேயே எழுந்த வழக்கு. தள்ளுபடி விலைக்கு மேல் வாட் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும், 'வரி தனி' என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் அது வாடிக்கையாளரைத் திசைதிருப்புவதே என்றும் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே போர்டைக் காட்டித் தப்பிக்க முடியாது.

பதில் 2

மேலே சொன்னது எம்.ஆர்.பி. அச்சிட்ட பொருள்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் தோசைக்கு எம்.ஆர்.பி. கிடையாது; அங்கே பட்டியல் விலைக்கு மேல் 5% சேர்ப்பது முறையானதுதான். ஆனால் அந்த ஓட்டல் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் மொத்த விற்பனையில் ஒரு சிறு விகிதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) பதிவு செய்திருந்தால், வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய்கூட வரியாக வாங்கக் கூடாது. பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை (தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும்) ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இட்டால், அவர்கள் எந்த வகையில் பதிவானவர்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஐம்பத்திரண்டு ரூபாய்க்காகப் புகார் செய்வது பொருத்தமாக இருக்குமா என்று ஒரு தயக்கம்.

பதில் 1

தயங்காதீர்கள். அன்று அந்தக் கடையில் வாங்கிய ஒவ்வொருவரிடமும் இப்படித்தானே வாங்கியிருப்பார்கள்? பில்லையும் விலை அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் கடை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். திருப்பித் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டால் போதும். பில் காகிதத்தின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் நகலை இன்றே எடுத்துவிடுங்கள்.