அப்பாவுக்குத் தொடைச் சதை கரைகிறது, என்ன பயிற்சி?

கேள்வி (தங்கச்சிமடம்): அப்பாவுக்கு 72 வயது. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. தினமும் கடற்கரையில் நடந்தால் போதுமா?

பதில்: போதாது தம்பி. நடை இதயத்துக்கு நல்லது, சதைக்குப் பாரம் வேணும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்க. பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கிவிடும். மூணு எண்ணி மெதுவா உட்காரணும், மூச்சை விட்டுக்கிட்டே எழணும். மூச்சை அடக்கினா ரத்த அழுத்தம் ஏறும். 8 தடவை, ஓய்வு, மறுபடி 8. ஒருநாள் விட்டு ஒருநாள். 12 தடவை சுலபமானா ரெண்டு கையிலும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யணும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.

பதில்: உதிரி மணலில் நடக்க விடாதீங்க, கணுக்கால் பிசகும்.

பதில்: புரதமும் வேணும். 60 கிலோ எடைக்குத் தினம் 60 முதல் 72 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். கருவாட்டை நம்பாதீங்க, உப்பு அதிகம். சிறுநீரகக் கோளாறு இருந்தா அளவை டாக்டர்தான் சொல்லணும்.