மார்ச்சில் வார்ம்பிளட் பரிசோதனை: நாலு வயசு பெண்குதிரைக்கும் நாலு மாசக் குட்டிக்கும் எப்படித் தயார் செய்வது?

மூயி ரிவர் மேய்ச்சல்:

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் கடைசியில் இங்கே தென்னாப்பிரிக்காவின் மிட்லேண்ட்ஸில், ஹோவிக் பக்கம் ஒரு பண்ணையில் வார்ம்பிளட் (சவாரி விளையாட்டுக்கு வளர்க்கும் இனவகை) ஸ்டட்புக் பரிசோதனை இருக்கிறது. இனப் பதிவேட்டில் சேர்க்க அமைப்பையும் நடையையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இரண்டு உருப்படிகளைப் பதிந்திருக்கிறேன். ஒன்று 4 வயசுப் பெண்குதிரை. தகப்பன் ஹனோவேரியன் (ஜெர்மன் வார்ம்பிளட்), தாய் தரோபிரெட் (பந்தய இனம்). இன்னொன்று பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் பெண்குதிரை, கூடவே நவம்பரில் பிறந்த அதன் குட்டி. நாலு வயசுக்காரி கையில் பிடித்து நடத்தினால் தூங்கி வழிகிறாள். ட்ராட்டுக்கு (நடைக்கு அடுத்த துள்ளோட்டம்) போனால் ஆளை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். மேய்ச்சல் முழுக்க கிகுயு புல். இப்போது ஜனவரி முதல் வாரம். எதில் ஆரம்பிக்கலாம்? என்னென்ன காகிதம் தேவை? குட்டிக்கு என்ன பழக்க வேண்டும்? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

முக்கோணப் பாதை:

தம்பி, பதினோரு வாரம் தாராளம். ஆனால் முதலில் நடையைக் கவனியுங்கள். ட்ராட்டையும் தாவலையும் நினைத்து எல்லாரும் கவலைப்படுகிறார்கள். மதிப்பெண் சத்தமில்லாமல் போவது நடையில்தான்.

கையில் காட்டும்போது முக்கோணப் பாதை இருக்கும். நடைக்குச் சிறியது, பக்கத்துக்கு சுமார் 15 மீட்டர். ட்ராட்டுக்குப் பெரியது, பக்கத்துக்கு சுமார் 30 மீட்டர். திருப்பம் எல்லாம் வலப்பக்கம். நீங்கள் குதிரையின் இடப்பக்கம் இருப்பதால் திருப்பத்தில் வெளிப்பக்கம் வருவீர்கள். குதிரையை உங்களை விட்டுத் தள்ளித் திருப்ப வேண்டும், உங்கள் பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தால் தோளில் சாய்ந்து தாளம் கெடும். பரிசோதகர் பார்க்கும் பக்கத்தை நீங்களே மறைத்தும் விடுவீர்கள்.

நடை சரியாக வர வேண்டுமானால் கழுத்தை விட்டுவிட வேண்டும். தாடைக்கு அடியில் இறுக்கிப் பிடித்தால் முதுகு விறைத்து, நாலு அடியாகத் தனித்தனியே விழ வேண்டிய கால்கள் ஒரே பக்கத்து இரண்டும் சேர்ந்து விழ ஆரம்பிக்கும். பார்க்கத் தெரிந்தவருக்கு அது உடனே தெரியும். தலை மேலும் கீழும் தாராளமாக ஆடட்டும். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று மண்ணைப் பாருங்கள். தூங்கி வழிகிறவளை வட்டத்தில் சுற்றினால் இன்னும் சோம்பல்தான் ஏறும். மேட்டுப்பாங்கான நேர்ப்பாதையில் தினம் 20 நிமிடம் சுறுசுறுப்பாக நடத்துங்கள். மிட்லேண்ட்ஸில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. பின்னால் ஒருவர் நீளச் சாட்டையைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு வரட்டும். சாட்டை குதிரை மேல் பட வேண்டாம், பின்னால் ஆள் இருப்பது தெரிந்தால் போதும்.

ட்ராட்டில் அவள் இழுப்பது பெரும்பாலும் ஓடுகிறவர் பிந்துவதால். தோளுக்கு நேராக ஓட வேண்டும், திரும்பிக் குதிரையைப் பார்க்கக் கூடாது. மூலை வருவதற்கு இரண்டு மூன்று அடி முன்பே வேகத்தை அடக்கி, திருப்பி, நேரான பிறகு விட்டுவிடுங்கள். முதல் மூன்று வாரம் மூலையில் அடக்குவதை மட்டும் பழக்குங்கள். நீளமான அடி தானாக வரும். வாரத்தில் நாலு நாள், ஒரு தடவைக்கு 15 நிமிடம். அதற்கு மேல் போனால் சலித்துவிடும்.

நிற்பதையும் பழக்க வேண்டும். பரிசோதகர் இடப்பக்கம் நிற்பார். நாலு காலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: அவர் பக்கத்து முன்கால் சற்று முன்னே, பின்கால் சற்றுப் பின்னே. மற்ற பக்கத்து இரண்டும் உள்ளே. நீங்கள் முகத்துக்கு நேர் எதிரே நில்லுங்கள். காலைக் கையால் நகர்த்த வேண்டாம். ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று நகர்த்தியே அமைக்கலாம்.

இன்னொன்று வெளிப்படையாகச் சொல்கிறேன்: நீங்கள் ஓடக்கூடியவரா என்று யோசியுங்கள். பெரிய அடி வைக்கும் குதிரையோடு 90 மீட்டரை இரண்டு மூன்று சுற்று ஓட வேண்டியிருக்கும். முடியாவிட்டால் பழகிய இளைஞர் ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்து, பயிற்சியும் அவரே கொடுக்கட்டும். அன்றைக்குப் புது ஆள் வந்தால் குதிரைக்குக் குழப்பம்.

கொட்டகை அக்கா:

மேய்ச்சல் கிகுயு என்று எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடக் கூடாது. கிகுயுவில் ஆக்ஸலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரைக்குக் கிடைக்காது. பல மாதம் அதையே மேய்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். முதலில் கால் மாறி மாறி இலேசாக நொண்டும், அடி குறுகும். முற்றினால் முகத்து எலும்பு வீங்கும். பரிசோதனையில் "அடி சிறியது" என்று எழுதப்பட்டால் அது பிறவி அமைப்பா புல்லா என்று அப்புறம் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. லூசர்ன் (குதிரைமசால்) சேருங்கள், டெஃப் அல்லது எரக்ராஸ்டிஸ் உலர்புல் கொடுத்து கிகுயுவின் பங்கைக் குறையுங்கள். கோதுமைத் தவிட்டை நிறுத்துங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், நிலைமையை மோசமாக்கும். கால்சியம் மருந்து எவ்வளவு என்பதை வெட் (கால்நடை மருத்துவர்) கணக்குப் போடட்டும்.

மொத்தத் தீவனம் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்தீனி. 550 கிலோ குதிரைக்கு 8 முதல் 11 கிலோ. 1 முதல் 9 வரையான அளவுகோலில் 5 அல்லது 6 என்ற உடல்நிலை போதும்: விலா தெரியக் கூடாது, தடவினால் தட்டுப்பட வேண்டும். காட்டுவதற்காகக் கொழுக்க வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. வளரும் மூட்டுக்குக் கேடு. தோளின் கோணமும் கொழுப்பில் மறைந்துவிடும்.

குளம்பு வெட்டுவது 10 முதல் 14 நாளுக்கு முன்பு. முந்தைய நாள் வெட்டினால் உள்ளங்குளம்பு கூசி, கெட்டித் தரையில் அடி சுருங்கும். மழைக்காலத்தில் குளம்பு ஊறியிருக்கும், கல் பட்டால் சீழ் வைக்கும். கடைசி இரண்டு வாரம் ராத்திரியாவது காய்ந்த தரையில் நிறுத்துங்கள்.

மார்ச் என்றால் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தலைதூக்கும் காலம். அதைப் பரப்பும் கியூலிகாய்டிஸ் என்ற பொடி ஈக்கள் இருட்டில் கடிக்கும். சூரியன் மறைவதற்கு முன்பே உள்ளே அடைத்து, நன்றாக விடிந்த பிறகு வெளியே விடுங்கள். தடுப்பூசி இரண்டு பாட்டில், நடுவில் குறைந்தது 21 நாள், குளிர்காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். குதிரையின் பாஸ்போர்ட்டில் (அடையாளப் புத்தகம்) அந்தப் பதிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இந்த நோய்க்காகக் குதிரை நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேப் பகுதியிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் நடமாட்ட விதிகள் வேறு, மாநில கால்நடை அலுவலகத்தில் கேட்டே கிளம்ப வேண்டும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து காலையும் மாலையும் உடல்சூடு பார்த்து எழுதி வையுங்கள். ஓய்வில் 38.5 தாண்டினால் வெட்டைக் கூப்பிடுங்கள். உண்ணிக் காய்ச்சலை இங்கே பிலியரி என்போம்; உடம்பில் பதுங்கியிருப்பது பயண அலைச்சலில் கிளம்பிவிடும், அதுவும் இளம் குதிரைகளுக்கு. ஈறு மஞ்சளாகவோ வெளுத்தோ இருந்தால் வண்டியில் ஏற்றாதீர்கள்.

பிடரிப் பின்னல்:

காகிதம் பற்றி நான் சொல்கிறேன். பாஸ்போர்ட், உரிமை மாற்றம் உங்கள் பெயரில் முடிந்த சான்று, பொலிகுதிரை உரிமையாளர் கொடுத்த இணைசேர்ப்புச் சான்று, குட்டியின் பிறப்பு அறிவிப்பு. பந்தயத்திலிருந்து வந்த தாய்க்குப் பழைய உரிமையாளர் பெயரே பாஸ்போர்ட்டில் இருந்துவிடுவது சகஜம். மாற்ற வாரக்கணக்கில் ஆகும். மைக்ரோசிப்பை முன்கூட்டியே ஸ்கேன் செய்து எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். பொதுவாகக் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குச் சற்றுக் கீழே இருக்கும்.

டிஎன்ஏவுக்கு முடியை வெட்டக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும், 30 முதல் 40 இழை. குட்டியின் பிடரி முடி மெல்லியது, வாலிலிருந்து எடுங்கள். ஈரமில்லாமல் காகித உறையில் போடுங்கள். தாயும் குட்டியும் ஒரே உறையில் போனால் மாதிரி வீண். அதே முடியிலேயே டபிள்யூ-எஃப்-எஃப்-எஸ் (தோல் எளிதில் கிழியும் பரம்பரை நோய்) பரிசோதனையும் கேளுங்கள். தாயும் தகப்பனும் அந்த மரபணுவைச் சுமந்தால் நாலில் ஒரு குட்டி தோல் கிழிந்து பிழைக்காமல் போக வாய்ப்பு. தரோபிரெட்டிலும் அது உண்டு.

குட்டியைப் பின்ன வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும். தாய்க்குப் பிடரி பின்னல், வால் பின்னாமல் விடலாம். குட்டிக்கு ஹால்டர் (தலைக்கயிறு) பழக்குங்கள், ஆனால் மேய்ச்சலில் மாட்டி விடாதீர்கள், வேலியில் சிக்கும். பிடிக்கும்போது தலையை இழுக்காமல் ஒரு கை மார்பிலும் ஒரு கை பின்தொடையிலும் அணையுங்கள். வளையத்தில் தாயை உள்பக்கம் நடத்தினால் குட்டி வெளிப்பக்கம் தனியாகத் தெரியும். முதல் சில நிமிடம் அது பாய்ந்து ஓடும், விடுங்கள். பரிசோதகர் ட்ராட்டுக்காகக் காத்திருப்பார். தாயை வேகமாக ஓட்டினால் குட்டி பாய்ச்சலை விடாது. பரிசோதனைக்கு முந்தைய வாரங்களில் குட்டியைப் பால் மறக்கவும் வைக்காதீர்கள்.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. 10 அளவில் 7 என்பது நல்லபடியான எண். லீனியர் தாளில் (ஒவ்வொரு அம்சமும் இரு எல்லைக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று குறிக்கும் தாள்) கழுத்து "குட்டை" பக்கம் குறி விழுந்தால் அது திட்டு இல்லை, அமைப்பின் விவரிப்பு. முடிந்ததும் "இவளுக்கு எப்படிப்பட்ட பொலிகுதிரை பொருந்தும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்காகவே இத்தனை தூரம் போகலாம்.

மூயி ரிவர் மேய்ச்சல்:

மிக்க நன்றி. லூசர்ன் நாளையே வாங்குகிறேன். நாலு வயசுக்காரிக்குத் தனித் தாவல் (ஆள் ஏறாமல் தடை தாண்டுவது) இருக்கிறதாம். ஒரு தடைகூடத் தாண்டியதில்லை. என்ன இடைவெளி வைக்க?

முக்கோணப் பாதை:

சுவரோரமாகச் சந்து அமையுங்கள், உள்பக்கம் கம்பம் வைத்து அடைக்க வேண்டும். தரைக்கம்பம், அதிலிருந்து சுமார் 2.8 முதல் 3 மீட்டரில் குறுக்குக் கம்பம், அங்கிருந்து சுமார் 6.8 மீட்டரில் நேர்த்தடை, பிறகு 7.2 முதல் 7.4 மீட்டரில் ஆக்ஸர் (முன்னும் பின்னும் கம்பம் வைத்த அகலத் தடை). குட்டை அடிக்காரியாக இருந்தால் கொஞ்சம் சுருக்குங்கள். அன்றைக்கு எந்த அளவு வைப்பார்கள், பின்காலுக்கு பூட் (கால்காப்பு) அனுமதி உண்டா என்று அமைப்பாளரிடம் கேட்டு அதையே பழக்குங்கள்.

முதல் தடவை கம்பங்கள் எல்லாம் தரையில். சந்துக்குள் அமைதியாகப் போய் வரட்டும். இரண்டாவது தடவை குறுக்குக் கம்பம் மட்டும். பிறகு நேர்த்தடை 60, 70 சென்டிமீட்டரில். ஆக்ஸர் கடைசியில். வாரம் ஒரு தடவை, ஒரு தடவைக்கு எட்டுப் பத்துத் தாவல் போதும். சாட்டையோடு விரட்டினால் முதுகைத் தட்டையாக வைத்துப் பாய்வாள், முட்டியும் தொங்கும். அப்படி வந்தால் உயரத்தை ஏற்றாமல் குறையுங்கள், முதல் கம்பத்துக்கு ட்ராட்டில் வரவிடுங்கள். ஆக்ஸரின் பின்கம்பம் முன்கம்பத்தைவிடச் சற்று உயரமாகவும், பட்டால் விழும் பாதுகாப்புக் கிண்ணத்திலும் இருக்கட்டும்.