பார்க்கின்சன் மாத்திரை தொடங்கியபின் சூதாட்ட வெறி: நோயா, மருந்தா?

கேள்வி: பிரமிபெக்சோல் (மூளையில் டோபமைனைப் போலச் செயல்படும் பார்க்கின்சன் மாத்திரை) தொடங்கிச் சில மாதங்களில் சூதாட்டம், கண்டதையும் வாங்கிக் குவிப்பது என்று ஒருவர் ஆளே மாறினால் காரணம் எது? உடனே நிறுத்தலாமா?

பதில் 1: பெரும்பாலும் மருந்துதான். பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் முதலில் வற்றுவது அசைவுக்கான மூளைப் பகுதியான புட்டாமெனின் பின்பகுதியில். ஆசையைத் தூண்டும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி ஓரளவு தப்பியிருக்கும். கை கால் அசைவுக்குச் சரியான மருந்தளவு அங்கே மிகையாகிவிடுகிறது. பிரமிபெக்சோலும் அதே வகை மருந்தான ரோபினிரோலும் பற்றும் டி3 ஏற்பிகள் (டோபமைன் வந்து ஒட்டும் இடங்கள்) அங்கேதான் அதிகம். சூதில் தோற்றால் டோபமைன் சட்டென இறங்க வேண்டும். மருந்து அதை மறைத்துவிடுவதால் தோல்வி உறைப்பதில்லை. 2010இல் வெளியான பெரிய ஆய்வில் இவ்வகை மருந்து எடுத்த பார்க்கின்சன் நோயாளிகளில் 17.1 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 6.9 சதவீதத்தினருக்கும் இத்தகைய நடத்தை இருந்தது.

பதில் 2: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென விட்டால் கடும் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு வரலாம். நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்; தேவைப்பட்டால் லெவோடோபாவை (மூளையில் டோபமைனாக மாறும் மருந்து) கூட்டுவார். அதுவரை வங்கி அட்டைக்கு வரம்பு வையுங்கள். வெட்கத்தில் அவராகச் சொல்ல மாட்டார். சூதாட்டம், செலவு, நள்ளிரவுத் தீனி, பாலுணர்வு என ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பதில் 3: இந்த மருந்தே எடுக்காதவர் இப்படி மாறினால் ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியாவையும் (மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சிதையும் நோய்) யோசிக்க வேண்டும். தொடக்கத்தில் ஞாபகம் பெரிதாகக் கெடாது. கூச்சமும் பரிவும்தான் முதலில் போகும். அதற்கு அல்சைமர் நோய்க்குத் தரும் டோனெபெசில் மருந்து உதவாது, சிலருக்கு நடத்தை இன்னும் மோசமாகும்.