பக்கத்துப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகள்: எதில் படிப்பு நன்றாக இருக்கிறது? உங்கள் அனுபவம்

செய்யாறு அம்மா:
பையனை ஆறாவது சேர்க்க வேண்டும். சைக்கிள் தூரத்தில் மூன்று ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள். ஒன்றின் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ், எட்டாவது பிள்ளைகள் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் தேறியவர்களின் போட்டோ. ஹெச்எம் வரும்வரை வராண்டாவில் ஏழாவது பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்ணிடம் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். முதல் வரியில் விரலை வைத்தாள். விரல் நகரவே இல்லை. பக்கத்துப் பையன் காதில் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஃப்ளெக்ஸ் இல்லாத அடுத்த ஊர்ப் பள்ளியில் தடுமாறினாலும் வாசித்தார்கள். வீட்டுக்காரர் ஃப்ளெக்ஸ் பக்கம்தான் நிற்கிறார்.

ஒன்றியத்து வாத்தியார்:
மேடம், ஒரு பிள்ளையை வைத்துப் பள்ளியை எடைபோடாதீர்கள். கொரோனாவில் மூடிய ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. எழுத்து கூட்டிப் படிக்க வேண்டிய வயதை வீட்டில் கழித்த பிள்ளைகள் இவர்கள்.
ஆனால் ஃப்ளெக்ஸ் கணக்கு எனக்கும் ஆகாது. எங்கள் எட்டாவதில் 11 பேர், இரண்டு பேர் என்எம்எம்எஸ் தேறினார்கள். பக்கத்துப் பள்ளியில் 60 பேர், ஐந்து பேர் தேறினார்கள். கூட்டத்தில் என்னை எழுப்பி, 'உங்களிடம் ஏன் இவ்வளவு குறைவு?' என்றார்கள். வகுத்துச் சொன்னேன். சிரித்தார்கள் சார், எல்லாரும்.

மூன்றாம் பருவம்:
என் மகளும் நடுநிலையில் படித்தவள்தான், ஒன்பதாவதில் திணறினாள். அதை விடுங்கள். தேர்ச்சி சதவீதம் பார்க்காதீர்கள், எட்டாவது வரை எல்லாரும் தேர்ச்சிதான். பருவ மதிப்பெண்ணும் உதவாது. 40 வளரறி (வகுப்பில் செய்வதற்கு), 60 தொகுத்தறி (பருவத் தேர்வுக்கு), எல்லாம் அந்தந்தப் பள்ளி போடுவது. 2021 தேசிய அடைவுத் தேர்வு சில பள்ளிகளில் மட்டும் நடந்தது, அறிக்கை மாவட்டத்துக்குத்தான். கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனிப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, இருந்தால் டெபுடேஷனில் வேறெங்காவது போயிருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம், இந்தப் பிள்ளைகள் போய்ச் சேரும் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாவது கணக்கு வாத்தியாரைப் பிடியுங்கள். எந்தப் பள்ளிப் பிள்ளைக்குப் பின்னம் வரும், எதற்கு வராது என்று அவர் தூக்கத்திலும் சொல்வார். தனியாருக்கு மட்டும் மாற்றாதீர்கள், 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

செய்யாறு அம்மா:
தனியார் என்று யார் சொன்னது? வாத்தியார் சாருக்கு ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் கொரோனாவில் விட்டுப்போன பிள்ளை, சரி. அடுத்த ஊரில் எனக்கு வாசித்துக் காட்டியவர்களும் அதே ஏழாவதுதானே சார்?