லினக்ஸ்சிஎன்சியில் என்எம்எல்-ஐக் கழற்றி ஸீரோஎம்க்யூ மாட்டலாமா?

வலைக்கண்:
இயந்திரக் கருவிகளை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியில், நாம் பார்க்கும் திரைக்கும் கட்டளையை நடத்தும் டாஸ்க் நிரலுக்கும் நடுவே இன்னும் ஓடுவது, அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் காலத்துச் செய்தி முறையான என்எம்எல்தான். கட்டளைக்கு ஒன்று, நிலைக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று என்று மூன்று பஃபர். பிழைப் பஃபரில் ஒருவர் செய்தியை எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு அது கிடையாது. ஆக்ஸிஸ் என்ற திரை நிரலும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டும் சேர்ந்து ஓடினால், அச்சு சொன்ன இடத்திலிருந்து பின்தங்கியது என்னும் ஃபாலோயிங் எரர் எந்தப் பக்கம் போய் விழும் என்று சொல்லவே முடியாது. நிலையோ சி++ ஸ்ட்ரக்ட். அதில் ஒரு புலம் கூட்டினாலும் படிக்கிற நிரல் அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்யணும். வலைவழி செய்தி அனுப்பும் ஸீரோஎம்க்யூ நூலகமும், புலம் கூடினாலும் பழைய நிரல் படிக்கக்கூடிய புரோட்டோபஃப் வடிவமும் வந்தால் இரண்டு தலைவலியும் போகும். லினக்ஸ்சிஎன்சியிலிருந்து பிரிந்த மெஷின்கிட் அந்த வழியில் போய்க் காட்டியிருக்கிறது.

நுண்படி:
மெஷின்கிட் அதை எங்கே வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. அச்சுகளை நேரம் தவறாமல் நடத்தும் 1 மில்லிவினாடி சர்வோ த்ரெட்டுக்குள் வைக்கவில்லை. அங்கே நினைவகம் ஒதுக்குவதும் கூடாது, சாக்கெட்டுக்காகக் காத்திருப்பதும் கூடாது. பகிர்ந்த நினைவகத்தில் வளையப் பஃபர், அதை வெளியே எடுத்துப் போக ஒரு தனி புராசஸ். அவ்வளவுதான்.

அடுத்தது பழைய நிலை. ஒருவர் வெளியிட, சந்தா கேட்டவர் பெறும் ஸீரோஎம்க்யூவின் பப்-சப் வரிசையின் இயல்பு வரம்பு 1000 செய்தி. நொடிக்கு 20 முறை நிலை அனுப்புகிறீர்கள், திரை 30 நொடி உறைந்துபோகிறது என்று வையுங்கள். 600 செய்தி வரிசையில் நிற்கும், ஒன்றுகூட உதிராது. திரை விழித்ததும் அரை நிமிடத்துப் பழைய எக்ஸ், ஒய் எண்களையெல்லாம் காட்டிவிட்டுத்தான் நிகழ்காலத்துக்கு வரும். அதை நம்பி ஒருவர் கையை உள்ளே விட்டால்?

வலைக்கண்:
அதற்குத்தான் ஸீரோஎம்க்யூவில் கான்ஃப்ளேட் தேர்வு இருக்கிறது. கடைசிச் செய்தியை மட்டும் வைத்துக்கொள்ளும். இணைக்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். ஆனால் அது பல துண்டுச் செய்தியை ஏற்காது. தலைப்பை ஒரு துண்டாகவும் உள்ளடக்கத்தை இன்னொன்றாகவும் அனுப்பிப் பழகியவர்கள் இரண்டையும் ஒரே துண்டில் அடைக்கணும். மாறியதை மட்டும் அனுப்பும் உத்தியும் இதோடு சேராது: நடுவில் ஒன்று போனால் கணக்கு தப்பிவிடும். ஒவ்வொரு முறையும் முழு நிலையையே அனுப்புங்கள்.

இழைநேரம்:
மாறியதை மட்டும்தான் அனுப்பணும் என்றால் கான்ஃப்ளேட்டை விட்டுவிட்டு, சந்தா வந்ததை நிரலுக்குச் சொல்லும் எக்ஸ்பப் சாக்கெட்டை வையுங்கள். சந்தா வந்ததும் முழு நிலை ஒரு தடவை, பிறகு வரிசை எண்ணோடு மாற்றங்கள். ஒரு சிக்கல்: அதே தலைப்புக்கு இரண்டாவது திரை சந்தா கேட்டால் எக்ஸ்பப் இயல்பாக அதை நிரலுக்குச் சொல்லாது. வெர்போஸ் தேர்வைப் போடாவிட்டால் அந்தத் திரை வெறுமையாகவே நிற்கும்.

வலையும் ரியல்டைமும் சேரவே சேராது என்று யாரும் பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார்களையும் சென்சார்களையும் இணைக்கும் மீசா ஈதர்நெட் கார்டுகளோடு ஒவ்வொரு சர்வோ சுற்றிலும் யுடிபி செய்தி போய் வருகிறது. ஆனால் அது அதற்கென்றே ஒதுக்கிய போர்ட், நேரடிக் கேபிள். செய்தி நின்றால் கார்டில் இருக்கும் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் இயல்பாக 5 மில்லிவினாடியில் வெளியீடுகளைத் துண்டித்துவிடும்.

நுண்படி:
அந்த மாதிரி வாட்ச்டாக், அச்சைக் கையால் நகர்த்தும் உங்கள் ஜாக் பொத்தானுக்கு இருக்கிறதா? அழுத்தினால் 'ஓடு', விட்டால் 'நில்'. நடுவில் கேபிள் கழன்றால் 'நில்' வந்தே சேராது, அச்சு மென்பொருளில் வைத்த எல்லையான சாஃப்ட் லிமிட் வரை போகும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவை நம்பாதீர்கள், லினக்ஸில் அதன் இயல்பு 2 மணி நேரம். ஸீரோஎம்க்யூவின் ஹார்ட்பீட் இணைப்பை அறுக்குமே தவிர அச்சை நிறுத்தாது.

வலைக்கண்:
ஒப்புக்கொள்கிறேன். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை 100 மில்லிவினாடிக்கு ஒரு செய்தி. 300 வரை எதுவும் வராவிட்டால் இயந்திரத்தின் பக்கம் இருந்து என்எம்எல்லையும் ஸீரோஎம்க்யூவையும் இணைக்கும் பால நிரலே ஜாக்கை நிறுத்தட்டும்.

நுண்படி:
நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் அந்த 300 மில்லிவினாடியில் அச்சு 15 மி.மீ. போய்விடும், வேகம் தணியும் தூரம் தனி. வலைவழி ஜாக்கை 600-க்குக் கட்டுங்கள், 3 மி.மீ.யோடு போகும். பாலமே தொங்கினால்? அது, லினக்ஸ்சிஎன்சியின் வன்பொருள் அடுக்கான ஹாலில் ஒரு பின்னை மாற்றி மாற்றி அடிக்கட்டும். ஹாலின் வாட்ச்டாக் காம்பொனென்ட்டை சர்வோ த்ரெட்டில் சேர்த்து, அதன் ஓகே வெளியீட்டை மோஷன் எனேபிள் பின்னுக்குக் கொடுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் எப்போதும் கம்பிவழிதான். அதைப் பற்றி விவாதமே வேண்டாம்.

இழைநேரம்:
கட்டளைப் பக்கத்தில், ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று மாறி மாறிப் போகும் ரெக்-ரெப் சாக்கெட் வேண்டாம். ஒரு பதில் தொலைந்தால் அந்த சாக்கெட் அப்படியே நின்றுவிடும். பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் டீலர்-ரவுட்டர் வைத்து ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் கொடுங்கள். பதில் வராமல் திரும்ப அனுப்பும்போது அதே எண்தான் போகணும். ஏற்கெனவே செய்த எண் என்றால் பாலம் பதிலை மட்டும் தரட்டும். இல்லாவிட்டால், இருக்கும் இடத்திலிருந்து தூரத்தை எண்ணும் ஜி91-இல் எக்ஸ்1 இரண்டு தடவை ஓடி, 1 மி.மீ. வேண்டிய இடத்தில் 2 போகும். அதோடு, எல்லா முகவரியிலும் பைண்ட் செய்து திறந்து வைக்காதீர்கள். எம்டிஐ, அதாவது ஒற்றை வரி ஜி-கோடு கட்டளை, அனுப்ப முடிந்தவர் ஸ்பிண்டிலையும் ஓட்ட முடியும். ஒரே கணினி என்றால் 127.0.0.1 போதும், வெளியே போனால் ஸீரோஎம்க்யூவின் குறியாக்கமான கர்வ் சாவி கட்டாயம்.

வலைக்கண்:
இவ்வளவும் செய்தபின் என்எம்எல் எதற்கு?

நுண்படி:
வேலை செய்கிற உள்சுவரை இடிக்க இதில் ஒரு காரணமும் இல்லை. பாலம் வெளியே இருக்கட்டும், பிழைப் பஃபரை அது மட்டும் படித்து எல்லாருக்கும் பரப்பட்டும். உங்கள் முதல் புகார் அதிலேயே தீர்ந்தது. முதலில் நிலை மட்டும், கட்டளை பிறகு.

வலைக்கண்:
ஸ்ட்ரக்ட் புகார் தீரவில்லையே. பாலத்தை ஒவ்வொரு பதிப்புக்கும் மறுபடி கம்பைல் செய்யத்தானே வேண்டும்?

நுண்படி:
ஆமாம், ஆனால் ஒரே ஒரு நிரலை. சோதிக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் மட்டும் போதாது. அதில் லிங்க் போனது கெர்னலுக்கு உடனே தெரிந்துவிடும். ஜாக் ஓடும்போது லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அந்த போர்ட்டை 10 நொடி டிராப் செய்யுங்கள். ஸ்பிண்டிலில் டூல் வேண்டாம், இசட் மேலே இருக்கட்டும். அச்சு எத்தனை மி.மீ.யில் நின்றது என்று இங்கே போடுங்கள், மேலே பேசலாம்.